குடையில்லாத கூட்டம்

ஆற்றுத் திருவிழாவுக்கு நாற்பது நாள் இருக்கையிலேயே
எங்கள் பட்டறையில் வாணவேடிக்கை முடிந்துவிட்டது.

கூரையில் பனி உருகாத நாளில்
போர்வைக்குள் உட்கார்ந்து ஓவியர் வரைந்த கோடை அது.
ரியோகோகு பாலம், பாலம் கொள்ளாத சனம்,
கீழே படகுகள், படகில் சாமிசென் மீட்டும் பெண்கள்,
தோளில் பிள்ளையைத் தூக்கிய ஒருவன்,
எல்லாரும் மேலே பார்க்கையில்
தர்பூசணிக் கீற்றோடு குனிந்து
விதை துப்ப இடம் தேடும் இன்னொருவன்.

செதுக்கியவன் மோன்ஸோ.
செர்ரிப் பலகையில் ஒரு பெண்ணின் நெற்றி முடிக்கு
ஒரு பகல் எடுத்துக்கொள்வான்.
தும்மல் வந்தால்
உளியை வைத்துவிட்டு எழுந்துபோய்
தெருவில் தும்முவான்.

முத்திரை குத்தும் அதிகாரி
படகுப் பெண்களின் பட்டு விலை அதிகமாய்த் தெரிகிறது
என்று இரண்டு நாள் முடக்கினார்.
பருத்தியாக்கினோம்.
அதாவது, நாலு பூவைக் குறைத்தோம்.

நான் அச்சிடுகிறவன். உஹெய்.
ஒரு தாளுக்குப் பதினொரு முறை குனிகிறேன்.
விளக்குக்கு மஞ்சள், உதட்டுக்குக் குசும்பாச் சிவப்பு,
வானத்துக்கு நீலம்: மேலே கெட்டியாய்,
கீழே வர வர ஈரத்துணியால் துடைத்து
இல்லாமல் ஆக்க வேண்டும்.
இருநூறு தாள், இருநூறு இரவு,
ஒன்றுபோல் ஒன்று இருட்டியதில்லை.
மூங்கில் மட்டை பிடித்துத் தேய்த்துத் தேய்த்து
என் வலது உள்ளங்கையில்
சோசியனுக்கு எதுவும் மிச்சமில்லை.

திருவிழா அன்று மதியமே காற்று மாறியது.
மாலையில் பிடித்த மழை விடவில்லை.
வெடிமருந்து நனைந்து படகோடு திரும்பியது.
பாலத்தில் ஒரு நாய் மட்டும் நின்றிருந்ததாம்.

விடிந்ததும் முழங்கால்வரை சேற்றோடு
பதிப்பாளர் கின்பெய் ஓடிவந்தார்.
"இன்னும் நூற்றுப்பத்து தாள் கிடக்கிறது.
நடக்காத கூத்தை எவன் வாங்குவான்?
மோன்ஸோ, மழை செதுக்கு."

முடியைவிட மழை எளிது என்றான் மோன்ஸோ,
மழைக்கு நெற்றி கிடையாது.
ஒரே இரவு, ஒரே பலகை, சாய்ந்த கோடுகள்.
நீர்த்த மையைத் தடவி
பன்னிரண்டாம் முறை குனிந்தேன்.

அப்புறம்தான் பார்த்தோம்.
யார் கையிலும் குடை இல்லை.
கொட்டுகிற மழையில் வாயைப் பிளந்து
சிரித்தபடி மேலே பார்க்கிறது ஊர்.
சாமிசென் தோல் ஊறிப்போகும் என்ற கவலை
அந்தப் பெண்களுக்கு இல்லை.
தோள்மேல் பிள்ளை, நேற்றுவரை
நெருப்பைக் கேட்டு நீட்டிய அதே கையில்
மழையைப் பிடித்துக்கொண்டிருந்தது.
கின்பெய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.
குடை செதுக்க நேரமில்லை.

நாலு நாளில் மழைத்தாள் தீர்ந்தது,
ஒரு கிண்ணம் சோபாவின் விலையில்.
மீன்சந்தைச் சுமைகாரன் ஒருவன்
கடைவாசலிலேயே விரித்து
"நான் இங்கேதான் நின்றேன்" என்று
பாலத்தின் நடுவில் விரல் வைத்தான்.
அன்றைக்கு அங்கே யாருமே இல்லையே என்றேன்.
"நின்றேன் என்கிறேன்" என்றான்.
விரலின் ஈரம்
கொஞ்சம் நீலத்தை எடுத்துக்கொண்டு போனது.

கடைகளிலிருந்து திரும்பிவந்த
மழையில்லாத தாள் ஏழு.
கூலியில் கழித்துக்கொண்டு
என் தலையில் கட்டினார் கின்பெய்.
அடுப்படியில் பூச்சு உதிர்ந்த இடத்தில்
ஒன்றை ஒட்டினாள் ஒ-ரிகு.
மற்ற ஆறும் ஊறுகாய் முள்ளங்கி கட்டப் போயின.

எட்டாம் மாதப் புயலில் கூரை ஒழுகியது.
யாரும் வரையாத, முத்திரை வாங்காத மழை
சுவர்வழி இறங்கி
வாணவேடிக்கைக்குள் புகுந்து
பாலத்தைத் தொட்டது.
துணி எடுக்க எழுந்தேன்.
"விடுங்க" என்றாள் ஒ-ரிகு,
"தர்பூசணிக்காரன் வரைக்கும் வரட்டும்.
அவன் இன்னும் ஒருதடவைகூட
மேலே பார்க்கவில்லை."